ஆடியோ ஃபில்டர் எழுதியவர் வீடியோ ஃபில்டருக்கு வரும்போது

கேள்வி இது: "ஆடியோவுக்கு டிஜிட்டல் ஃபில்டர்கள் எழுதிய அனுபவம் இருக்கிறது. இப்போது 1080 பி, நொடிக்கு 60 பிரேம் வீடியோவை எஃப்.பி.ஜி.ஏ.வில் வடிகட்டி, அளவும் மாற்றி வெளியே அனுப்ப வேண்டும். ஐ.ஐ.ஆர். போதுமா, எஃப்.ஐ.ஆர்.தான் வேண்டுமா? எத்தனை டேப்? குணகங்களுக்கு எத்தனை பிட்?"

எஃப்.பி.ஜி.ஏ. என்பது உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப். எஃப்.ஐ.ஆர். ஃபில்டர் உள்ளீட்டுச் சாம்பிள்களை மட்டும் எடையிட்டுக் கூட்டும்; ஐ.ஐ.ஆர். தன் முந்தைய விடையையும் சேர்த்துக்கொள்ளும். கூட்டலில் சேரும் ஒவ்வொரு சாம்பிளும் ஒரு டேப், அதன் எடையே குணகம். ஆடியோவில் கற்ற கணக்கு அப்படியே உதவும். மாற வேண்டியது எதைப் பார்த்து ஃபில்டரை மதிப்பிடுகிறோம் என்பது. ஆடியோவில் அதிர்வெண் வரைபடத்தை முதலில் பார்ப்போம். வீடியோவில் நான் முதலில் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன்: ஒரே நிறமாக இருக்கும் பரப்பு அப்படியே ஒரே நிறமாக வெளியே வருகிறதா? ஓர் ஓரம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா? கண் இந்த இரண்டையும் மன்னிக்காது. ஸ்டாப்பேண்டில் (ஃபில்டர் அடக்க வேண்டிய அதிர்வெண்களில்) 80 டெசிபல் அடக்கம் இல்லையென்றால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 8 பிட் படத்துக்கு 40, 45 டெசிபல் பெரும்பாலும் போதும். ஆனால் வெற்றுச் சாம்பல் பரப்பில் இரண்டு அளவு ஏறி இறங்கும் கோடுகள் இருந்தால், தொழில்நுட்பம் தெரியாதவரும் உடனே விரல் நீட்டிக் காட்டுவார்.

முதலில் நேரக் கணக்கு. திரையில் தெரிவது 1920 × 1080 என்றாலும், வரிக்கும் பிரேமுக்கும் இடையே படம் இல்லாமல் விடும் பிளாங்கிங்கையும் சேர்த்தால் ஒரு பிரேம் 2200 × 1125. அதை 60-ஆல் பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு பிக்சலுக்கு உங்களுக்குக் கிடைப்பது 6.73 நானோ நொடி. 48 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவில் 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக் இருந்தாலே ஒரு சாம்பிளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கிளாக் கிடைக்கும். ஒரே பெருக்கியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி ஆயிரம் டேப் ஓட்டலாம். இங்கே ஒரு கிளாக்குக்கு ஒரு பிக்சல் வந்து விழுகிறது. ஒவ்வொரு டேப்புக்கும் தனிப் பெருக்கி, தனிக் கூட்டி. அதனால் டேப் எண்ணிக்கையைக் கூட்டுவது என்பது நேரடியாகச் சிப்பில் இடம் வாங்குவது.

அடுத்தது ஐ.ஐ.ஆர். குறுக்குவாட்டிலும் நெடுக்குவாட்டிலும் படத்தை வடிகட்ட அதை நான் பயன்படுத்துவதில்லை. ஆடியோவில் ஃபேஸ், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணும் அடையும் நகர்வு, கொஞ்சம் வளைந்தால் காது பெரிதாகக் கவலைப்படாது. படத்தில் ஃபேஸ் என்பதே இடம். வெவ்வேறு அதிர்வெண்கள் வெவ்வேறு தாமதத்தோடு வந்தால், ஒரு கறுப்புக் கோட்டின் வலப்பக்கம் மட்டும் இழுத்து வைத்தாற்போல் மங்கும். சமச்சீர் குணகங்கள் கொண்ட எஃப்.ஐ.ஆரில் எல்லா அதிர்வெண்களுக்கும் தாமதம் ஒன்றே. ஓரத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். இன்னொரு காரணம் வன்பொருள் சார்ந்தது. ஐ.ஐ.ஆரில் இந்தப் பிக்சலின் விடை அடுத்த பிக்சலுக்கு வேண்டும். அந்த வளையத்துக்குள் நினைத்த இடத்தில் பைப்லைன் ரெஜிஸ்டர் (விடையை ஒரு கிளாக் பிடித்துவைக்கும் இடைச்சேமிப்பு) நுழைக்க முடியாது. எஃப்.ஐ.ஆரில் எத்தனை ரெஜிஸ்டர் வேண்டுமானாலும் சொருகலாம், தாமதம் கூடுமே தவிர விடை மாறாது. ஐ.ஐ.ஆருக்கு வீடியோவில் ஓர் இடம் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது ஒரு சின்ன ஃபில்டரைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் உள்ள 4:4:4 வீடியோவை, இரண்டு பிக்சலுக்கு ஒரு நிறம் உள்ள 4:2:2 ஆக்க நிறப் பகுதிகளான சிபி, சிஆர் இரண்டையும் குறுக்குவாட்டில் பாதியாகக் குறைக்க வேண்டும். குறைப்பதற்கு முன், அதிர்வெண் வரம்பின் மேல்பாதியை அடக்கும் ஒரு ஹாஃப்பேண்ட் ஃபில்டர் வேண்டும். ஏழு டேப்: −1, 0, 9, 16, 9, 0, −1, எல்லாவற்றையும் 32-ஆல் வகுக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 32 வரும். அதனால் சமப் பரப்பு மாறாது. ஹாஃப்பேண்ட் என்பதால் நடுவைத் தவிர ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்யம். அந்த டேப்களுக்குச் செலவே இல்லை. 9 என்பது 8-ம் 1-ம். ஆகவே முனையிலுள்ள இரண்டையும் ஒரு கூட்டியில், உள்ளே இருக்கும் இரண்டையும் இன்னொரு கூட்டியில் சேர்த்துவிட்டால், 9-ஆல் பெருக்குவது மூன்று இடம் நகர்த்தி அதையே ஒருமுறை கூட்டுவது. 16 வெறும் நகர்த்தல். மொத்தத்தில் ரவுண்டிங்கையும் சேர்த்து ஆறு கூட்டி, கழிப்பிகள். பெருக்கி ஒன்றுகூட இல்லை. சமச்சீர் குணகங்களுக்கு முன்கூட்டி வைத்துப் பெருக்கிகளைப் பாதியாக்கும் இந்த வழக்கத்துக்கென்றே ஸைலிங்ஸ் 7 சீரிஸ் எஃப்.பி.ஜி.ஏ. சிப்களில், பெருக்கிக் கூட்டுவதற்கென்று உள்ள டி.எஸ்.பி. பிளாக்கில் 25 × 18 பெருக்கிக்கு முன்னால் ஒரு கூட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய ஃபில்டருக்கு அதைப் பயன்படுத்துங்கள். இவ்வளவு சின்னதுக்கு அதுவும் தேவையில்லை.

டேப்பை ஒற்றைப்படையாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 4:2:2-ல் நிறச் சாம்பிள், இரட்டைப்படை எண்ணுள்ள ஒளிச் சாம்பிளின் (பிரகாசத்தைச் சொல்லும் எண்ணின்) அதே இடத்தில் உட்காரும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இரண்டைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் போதாதா என்று தோன்றும். எடுத்தால் நிறம் முழுவதும் அரைப் பிக்சல் நகர்ந்துவிடும். ஒருமுறை நகர்ந்தால் தெரியாது. நான்கைந்து கருவிகள் அதையே செய்தால் சிவப்பு எழுத்தின் நிறம் எழுத்தைவிட்டு வெளியே வழியும்.

இதே ஃபில்டருக்குள் பிட் கணக்கு. 8 பிட் உள்ளீடு, 0 முதல் 255. நேர்க் குணகங்களின் கூட்டல் 34, எதிர்க் குணகங்களின் கூட்டல் 2. ஆக வகுப்பதற்கு முன் விடை −510 முதல் 8670 வரை போகலாம். குறியோடு 15 பிட் வேண்டும். வகுத்த பின் −16 முதல் 271 வரை. குறியோடு 10 பிட். குணகங்களை வைத்தே இதை எழுதிப் பார்த்துவிடலாம், ஊகித்துப் பிட் ஒதுக்க வேண்டாம்.

சரி, அந்த 10 பிட்டிலிருந்து 8 பிட்டுக்கு எப்படி வருவது? மேல் பிட்டுகளை வெட்டிப் போட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 0-விலிருந்து 255-க்குத் தாவும் ஓர் ஓரம் உள்ளே வருகிறது. ஃபில்டரின் படி விடை 32-ல் −1, −1, 8, 24, 33, 33, 32 என்று ஏறும். 33 வரும் இடத்தில் விடை 263. மேல் பிட் போனால் அது 7. பிரகாசத்தின் உச்சியில் பள்ளம். கீழ்ப்பக்கத்தில் −8 வந்து 248 ஆகிவிடும். ஒளிக்கு இதே ஃபில்டரைப் போட்டிருந்தால் வெள்ளை எழுத்துகளைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் மின்னும். அதனால் வெளியேறும் இடத்தில் கட்டாயம் ஒரு கிளிப்பர்: 255-க்கு மேல் போனால் 255, 0-க்குக் கீழ் போனால் 0. பி.டி.601 என்ற டிஜிட்டல் வீடியோ தரத்தில் ஒளியை 16 முதல் 235 வரை வைத்ததில் உள்ள அருமை இங்கேதான் தெரியும். அதே ஓரம் 16-லிருந்து 235-க்குத் தாவினால் ஃபில்டர் 9 வரை இறங்கி 242 வரை ஏறும்; இரண்டுமே 8 பிட்டுக்குள் அடங்குகின்றன. மேலும் கீழும் விட்ட அந்த இடம் இப்படித் துள்ளுவதற்காக விட்டது. அதனால் நடுவில் உள்ள எந்தக் கட்டத்திலும் 16-க்கும் 235-க்கும் வெட்டாதீர்கள். துள்ளலை வெட்டினால் அடுத்த ஃபில்டருக்குக் கோணலான அலை போகும். 0, 255 என்ற இரண்டு எண்களும் ஒத்திசைவுக் குறிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அந்த வகை இணைப்பில் வெளியே அனுப்பும்போது மட்டும் 1-க்கும் 254-க்கும் இடையே கட்டிவையுங்கள்.

ரவுண்டிங் இன்னொரு தொல்லை. 32-ஆல் வகுக்க ஐந்து பிட்டை நகர்த்திவிட்டு மீதியை எறிந்தால் ஒவ்வொரு முறையும் சராசரியாக அரை அளவு குறையும். ஐந்து கட்டம் அப்படிப் போனால் படம் இரண்டரை அளவு இருளும். ஒளியில் அது தெரியாமல் போகலாம். நிறத்தில் சிபி, சிஆர் இரண்டும் சேர்ந்து 128-லிருந்து கீழே இறங்கினால் சாம்பல் நிறம் பச்சையை நோக்கிச் சாயும். நகர்த்துவதற்கு முன் 16-ஐக் கூட்டிவிட்டால் தீர்ந்தது. கட்டங்களுக்கு இடையில் இரண்டு மூன்று பிட் கூடுதலாகக் கொண்டுபோய்க் கடைசியில் ஒரே ஒருமுறை ரவுண்ட் செய்தால் இன்னும் நல்லது. வானம் போன்ற மெதுவாக மாறும் பரப்பில் படிக்கட்டு தெரிவது குறையும்.

இப்போது நீங்கள் கேட்ட அளவு மாற்றம். இங்கேதான் நான் அதிக நாட்களைத் தொலைத்திருக்கிறேன். 1280 பிக்சல் வரியை 1920 ஆக்க வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுப் பிக்சலுக்கும் உள்ளீட்டில் 2/3 பிக்சல் நகர்கிறோம். ஆக வெளியீட்டுப் பிக்சல் விழும் இடம் மூன்றே வகை: சரியாக ஓர் உள்ளீட்டுப் பிக்சலின் மேல், அல்லது 1/3 தள்ளி, அல்லது 2/3 தள்ளி. இதைப் பாலிஃபேஸ் ஃபில்டராகச் செய்வோம். இங்கே ஃபேஸ் என்பது அந்த மூன்று இடங்களில் ஒன்று; ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனிக் குணகங்கள், ஒரு சின்ன நினைவகத்தில்.

நான்கு டேப் பைக்யூபிக்கை (பக்கத்து நான்கு பிக்சல்களை வைத்து மூன்றாம் படி வளைவால் இடைமதிப்பு காணும் முறையை) எடுத்துக்கொண்டு, 1/3 ஃபேஸுக்கு குணகங்களை 128-ஆல் பெருக்கினால் வருவது −9.48, 99.56, 42.67, −4.74. இவற்றைப் பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றினால் −9, 100, 43, −5. ஒவ்வொன்றும் சரியாகத்தான் ரவுண்ட் ஆகியிருக்கிறது. கூட்டினால் 129! 2/3 ஃபேஸ் இதன் கண்ணாடிப் பிம்பம், அதுவும் 129. பூஜ்ய ஃபேஸோ 0, 128, 0, 0, அதாவது 128. இப்போது 200 என்ற சமப் பரப்பை உள்ளே விட்டால் வெளியே வருவது 200, 202, 202, 200, 202, 202. திரை முழுக்க மூன்று நெடுவரிசைக்கு ஒருமுறை மெல்லிய நெடுங்கோடு.

முதன்முதலில் நான் ஒரு ஸ்கேலர் (படத்தின் அளவு மாற்றும் பகுதி) எழுதியபோது சரியாக இதுதான் வந்தது. அதிர்வெண் வரைபடம் கச்சிதமாக இருந்தது. கேபிளைச் சந்தேகித்தேன், கிளாக்கைச் சந்தேகித்தேன், டிஸ்பிளேயை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் வெளியீட்டுப் பிக்சல்களைக் கோப்பாகச் சேமித்து எண்களாக விரித்துப் பார்த்தபோதுதான் அந்த மூன்றின் தாளம் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து குணக அட்டவணையை உருவாக்கும் நிரலிலேயே ஒவ்வொரு ஃபேஸின் கூட்டலையும் சரிபார்த்து, தவறினால் அட்டவணையையே எழுதாமல் நிறுத்தும்படி வைத்திருக்கிறேன்.

சரிசெய்யும்போது எந்தக் குணகத்தை மாற்றுவது? பெரிய குணகத்தில் கழித்துவிடு என்பார்கள். பரவாயில்லை, ஆனால் இன்னும் நல்ல வழி உண்டு. 100-ஐ 99 ஆக்கினால் உண்மையான 99.56-லிருந்து 0.56 விலகுகிறோம். −9-ஐ −10 ஆக்கினால் −9.48-லிருந்து 0.52 மட்டுமே விலகுகிறோம். ரவுண்ட் செய்ததில் எது அரைக்கு மிக அருகில் இருந்ததோ அதைத் தள்ளுவதே நட்டம் குறைந்தது. ஆகவே −10, 100, 43, −5.

குணகத்துக்கு எத்தனை பிட் என்ற கேள்விக்கும் இந்த அட்டவணையே பதில் சொல்லும். 128-ஐ ஒன்றாக வைத்துவிட்டு 8 பிட் குறியுள்ள எண்ணில் சேமித்தால், அதில் அடங்கும் பெரிய எண் 127. பூஜ்ய ஃபேஸின் 128 அதில் −128 ஆகிவிடும். மூன்றுக்கு ஒரு நெடுவரிசை தலைகீழ் எண்ணாகிக் கிளிப்பரில் மாட்டிக் கறுத்துப்போகும். 9 பிட் வையுங்கள். 10 பிட் வீடியோவுக்கு 12 பிட் குணகம் என்றால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

படத்தைச் சிறிதாக்கும்போது இதே நான்கு டேப்பை வைத்துக்கொண்டு ஏமாற வேண்டாம். 1920-லிருந்து 640-க்குப் போனால் ஃபில்டரும் மூன்று மடங்கு அகல வேண்டும், அதாவது 12 டேப். இல்லாவிட்டால் நெருக்கமான கோடுகள், மூலப் படத்தில் இல்லாத வளையங்களாக மாறி ஊர்ந்துகொண்டே இருக்கும். அதற்காக வெட்டினாற்போல் கூர்மையான ஃபில்டரும் வேண்டாம். பார்க்ஸும் மெக்லெலனும் 1972-ல் வெளியிட்ட எஃப்.ஐ.ஆர். வடிவமைப்பு முறையில் வடிவமைத்தால் குறைந்த டேப்பில் செங்குத்தான சரிவு கிடைக்கும், ஆனால் செங்குத்தாக வெட்டினால் ஓரத்தின் பக்கத்தில் அலை எழும். கிப்ஸ் விளைவு என்று படித்திருப்பீர்கள்: லட்சிய வெட்டலில் துள்ளல் தாவலின் அளவில் 9 சதவீதம். டேப்பைக் கூட்டினாலும் அது குறையாது. காதுக்குக் கேட்காத அந்த அலை கண்ணுக்கு எழுத்தைச் சுற்றிய நிழல் கோடுகளாகத் தெரியும். ஆகவே சரிவை மெதுவாக விடுங்கள். கொஞ்சம் மென்மையும் கொஞ்சம் துள்ளலுமாக ஒரு நடுவழி, அதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நெடுக்குவாட்டு ஃபில்டரில் ஒரு டேப்பின் தாமதம் ஒரு முழு வரி. ஐந்து டேப் என்றால் நான்கு வரிகளைச் சேமிக்க வேண்டும். 5 × 5 ஃபில்டரைக் குறுக்கு ஒன்று, நெடுக்கு ஒன்று எனப் பிரிக்க முடிந்தால் 25 பெருக்கிகள் 10 ஆகும். வரிகளைச் சேமிக்கும் லைன் பஃபர் மட்டும் குறையாது. 7 சீரிஸில் சிப்புக்குள் இருக்கும் 18 கிலோபிட் நினைவகமான பிளாக் ரேமை 2048 × 9 என்று அமைக்கலாம், 8 பிட்டில் 1920 பிக்சல் வரி அதில் அழகாக உட்காரும். 10 பிட் ஆனதும் அது போதாது, வரிக்கு ஒரு 36 கிலோபிட் பிளாக் என்று நான்கு போய்விடும். ஆனால் நான்கு வரிகளுக்கும் முகவரி ஒன்றே என்பதை நினைத்துப் பாருங்கள். அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி 40 பிட் அகலமுள்ள ஒரே நினைவகமாகப் பார்த்தால் 18-ம் 18-ம் 9-ம், மொத்தம் 45 பிட். இரண்டரை பிளாக்கில் முடிந்தது. படித்ததை ஒரு வரி தள்ளி அதே முகவரியில் திரும்ப எழுதிவிட்டால் வரிகள் தாமாகவே இறங்கிக்கொண்டே போகும்.

ஓரங்களில் என்ன செய்வது என்பதை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். ரெஜிஸ்டர்களில் பூஜ்யம் இருக்கட்டும் என்று விட்டால் நிறத்தில் பூஜ்யம் என்பது கெட்டியான பச்சை. படத்தின் இடது ஓரத்தில் பச்சைக் கோடு தெரியும். முதல் பிக்சலையே திரும்பத் திரும்ப வைப்பது எளிது. கண்ணாடிபோல் மடக்கி வைப்பது கொஞ்சம் மேல். அப்புறம், ஒளி, நிறம், ஒத்திசைவு சமிக்ஞைகள் மூன்றும் ஒரே எண்ணிக்கை கிளாக் தாமதமாக வேண்டும். நாம் பார்த்த ஹாஃப்பேண்ட் ஃபில்டரில் நடு டேப்புக்கு மூன்று பிக்சல் தாமதம், அதன்மேல் பைப்லைனுக்கு மூன்று என்றால், ஒளியும், பிக்சல் செல்லுபடியாகுமா எனச் சொல்லும் டேட்டா எனேபிளும் ஆறு கிளாக் காத்திருக்க வேண்டும். இந்த எண்ணைக் கையால் எழுதாமல் ஒரே பாராமீட்டரிலிருந்து வரும்படி செய்யுங்கள். என்றோ ஒருநாள் டைமிங் கிடைக்கவில்லை, அதாவது ஒரு கிளாக்குக்குள் கணக்கு முடியவில்லை என்று ஒரு ரெஜிஸ்டரைக் கூட்டுவீர்கள். அன்று இது காப்பாற்றும்.

ஐ.ஐ.ஆருக்கு இடம் உண்டு என்றேன், அது காலத்தின் திசையில். பிரேமுக்குப் பிரேம் மாறும் இரைச்சலைக் குறைக்க, முந்தைய வெளியீட்டை நினைவகத்தில் வைத்து, புதிய பிக்சலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டும் சேர்ப்பது. எஃப்.ஐ.ஆரில் இதைச் செய்ய பல பிரேம் சேமிக்க வேண்டும், இதில் ஒன்று போதும். ஆனால் 8 பிட்டிலேயே சேமித்தால் ஒரு வினோதம் நடக்கும். பழையது 100, புதியது 107. வித்தியாசம் 7, மூன்று பிட் நகர்த்தினால் 0. எத்தனை பிரேம் போனாலும் 100-லேயே நிற்கும். எதிர்ப்பக்கம் −7-ஐ நகர்த்தினால் −1 வருவதால் கீழே இறங்குவது மட்டும் ஒழுங்காக நடக்கும். விளைவு, இருண்ட பொருள் நகர்ந்து போன பிறகு அதன் மங்கலான ஆவி அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சேமிக்கும் மதிப்புக்கு மூன்று நான்கு பிட் கூடுதலாகக் கொடுங்கள். அசைவு இருக்கும் இடத்தில் எட்டில் ஒன்றை முழு ஒன்றை நோக்கி உயர்த்தும் ஏற்பாடும் வேண்டும், இல்லாவிட்டால் நகர்வதெல்லாம் வால் முளைத்துத் திரியும்.

சோதனைக்கு நல்ல இயற்கைக் காட்சி வீடியோவை முதலில் எடுக்காதீர்கள். அதில் எந்தத் தவறும் ஒளிந்துகொள்ளும். கணினியில் சி அல்லது பைதானில் ஒரு மாதிரி எழுதி, கடைசிப் பிட் வரை வன்பொருளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதலில் 16, 128, 235 என்ற சமப் பரப்புகள். ஓர் எண்கூட அசையக்கூடாது. பிறகு கறுப்பில் ஒரே ஒரு வெள்ளைப் பிக்சல். வெளியே உங்கள் குணகங்கள் அப்படியே வரிசையாக வர வேண்டும். அதையே முதல் நெடுவரிசையிலும் கடைசி நெடுவரிசையிலும் வைத்துப் பாருங்கள். அதன்பின் 0-விலிருந்து 255-க்கு ஒரு தாவல், கிளிப்பருக்காக. கடைசியாக ஸோன் பிளேட்: நடுவில் அகலமாகத் தொடங்கி வெளியே போகப் போக நெருங்கும் வட்ட வளையங்கள். உங்கள் ஃபில்டர் எந்தத் திசையில் எந்த அதிர்வெண்ணை விடுகிறது, எதை அடக்குகிறது என்பதெல்லாம் ஒரே படத்தில் தெரியும். நடுவைத் தவிர வேறு எங்கேயாவது புதிதாக ஒரு வட்ட மையம் முளைத்தால் அது ஏலியாசிங், அதாவது அடக்கத் தவறிய உயர் அதிர்வெண் போலி வடிவமாகத் தெரிவது. அதை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நின்ற படத்தில் தெரியாத போலி வளையம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும்போது தெளிவாகப் பிடிபடும்.